ஜவ்வாது மலையின் நடைவழி: அன்றும் இன்றும்

சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளையும் திருவல்லிக்கேணிச் சந்துகளையும் சுற்றிக்காட்ட, விடுமுறை நாள் விடியற்காலையில் ‘மரபு நடை’ என்று கூட்டிப் போகிறார்கள். எந்த வீட்டுத் திண்ணை பழையது, எந்தக் கடை மூன்று தலைமுறையாக நடக்கிறது, எங்கே நின்று காபி குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் நடந்து போகிறவருக்கு வழி சொல்வது தமிழுக்குப் புதிய வேலை அல்ல. பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம் முழுக்கவே ஒரு நடைவழிக் குறிப்புதான். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மா என்ற ஊரில் இருந்த நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு மலை வழியைச் சொல்லி அனுப்புவதாக அமைந்தது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். வழியோடு கூடவே ஓடிவரும் சேயாறு, இன்றைய செய்யாறு. அது பிறப்பது ஜவ்வாது மலையில்.

மலையேற்றம் போகிற பிள்ளைகளெல்லாம் அந்தப் பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவ்வளவு நுணுக்கம். தினைப்புனத்து ஓரத்தில் காட்டுப்பன்றிக்குக் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போங்கள் என்கிறது. குழிகளில் பாம்பு மறைந்து கிடக்கும் என்கிறது. யானையை விரட்டப் பரண்மேல் இருப்பவன் கவண் கல் எறிவான், மரத்தை ஒட்டி மறைந்து நடங்கள் என்கிறது. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும் என்றும் சொல்கிறது. சொன்னது பொய்யில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் தனி நூலாகவே வெளியிட்டது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாதை பிரிகிற இடத்தில் சரியான வழியைத் துப்புரவு செய்து, அங்கே புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்கள் புதியவர்கள் என்கிறார் புலவர். முன்னே போனவர் பின்னே வருபவருக்குப் பட்ட கடன் அது.

அந்த மலைநாட்டின் வழியைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் மேட்டுநிலமும் பள்ளமுமாக விரிந்து கிடப்பது. ஒரு காலத்தில் முழுக்க வடஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டம் பிரிந்தபோது மலையும் பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் மாவட்டம் வந்ததும் மூன்றாகப் பிரிந்தது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடும் நெல்லிவாசலும் காவலூரும் திருப்பத்தூருக்கு, பீஞ்சமந்தையும் அல்லேரியும் வேலூருக்கு. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தம் இல்லாதவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி. ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்தால் நாடு, நாட்டுக்கு நாட்டார் என்று ஒரு கட்டு இன்றும் பல ஊர்களில் நிற்கிறது.

சாலை வருவதற்கு முன்னால் இந்த மலையில் எல்லாமே காலால் நடந்த வேலை. கீழே ஆலங்காயம், போளூர், செங்கம், ஒடுகத்தூர் எனச் சுற்றிலும் சந்தை ஊர்கள். புளியும் கடுக்காயும் தேனும் தலைச்சுமையாக இறங்கும். உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக ஏறும். ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை கூடும். அதற்கு ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர் இருட்டில் புறப்பட வேண்டும். இல்லையென்றால் முந்தின நாளே இறங்கிக் கீழே படுத்துக்கிடக்க வேண்டும். விலை படியவில்லை என்று ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு ஏற யாருக்குக் கால் வரும்? இறங்கிவந்தவன் விற்றுத்தான் தீருவான் என்பது வியாபாரிக்குத் தெரியும். மலைப்பொருளுக்கு விலை கிடைக்காமல் போனதில் பாதிக் காரணம் அந்த ஏற்றம்தான் என்பேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அதற்கே விளைச்சலை அளந்து கொடுக்கும் பழக்கம் வேறு. லேம்ப்ஸ் என்கிற மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்க வேண்டி வந்தது இதனால்தான்.

நோயாளியை இறக்குவதுதான் இருப்பதிலேயே கடினமான நடை. டோலி கட்டுவார்கள். நல்ல மூங்கிலாக ஒன்று வெட்டி, கம்பளியையோ வேட்டியையோ இரண்டு முனையிலும் இறுக முடிந்து தொட்டிலாக்கி, உள்ளே ஆளைப் படுக்கவைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோள் கொடுப்பார்கள். கூடவே நாலைந்து பேர் தோள் மாற்ற வருவார்கள். இறக்கத்தில் முன்னால் நிற்பவன் தோளில் மொத்தப் பாரமும் வந்து விழும். அதனால் உயரமானவனை முன்னே விடுவார்கள். பிரசவ வலி கண்டவள் அந்தத் தொட்டிலுக்குள் கால் மடக்கிக் கிடப்பாள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் போனால், வடியும்வரை அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மலைக்கு வண்டி ஏறியது பல காரணங்களுக்காக. அவற்றில் முக்கியமான ஒன்று சந்தனம். இந்த மலைச்சந்தனத்தால்தான் திருப்பத்தூருக்குச் சந்தன நகரம் என்று பேர்; அரசுச் சந்தனக் கிடங்கும் அங்கே இருந்தது. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட மலையாளிக் குடியானவன் அன்று தொட முடியாது. திருடர்கள் தொட்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலையின் சந்தனம் வெட்டிக் கடத்தப்பட்டு ஓய்ந்தது. பழகிய கைக்கு வேலை இல்லாமல் போனபோது, செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் இடைத்தரகர்கள் வந்தார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. பிறகு மலைச்சாலையில் உடல்கள் ஏறின. சாலை வந்தால் நல்லது மட்டும்தான் வரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் சாலை வேண்டாம் என்று அந்த மலையில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு காரணம் வானம். தென்வானத்தையும் பார்க்கத் தோதான இடத்தைத் தேடிய வானியலாளர் வேணு பாப்பு, ஆலங்காயத்துக்கு மேலே காவலூரைத் தேர்ந்தார். 725 மீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்குப் பக்கம், நகர வெளிச்சம் எட்டாத காடு. 1968-ல், கொடைக்கானல் வானாய்வகப் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்கப் பாப்பு இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தக் கண்ணாடியும் எந்திரங்களும் ஏறுகிற அளவுக்கு அந்தப் பக்கம் சாலை சீரானது. அதே ஆண்டுகளில், அதே மலையின் வேறு சரிவுகளில், டோலி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியைக் குறை சொல்லவில்லை. காவலூரை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். யுரேனஸைப் பார்க்கச் சாலை போட முடிந்த நாட்டுக்கு, பக்கத்துச் சரிவில் இருந்த பிரசவ அறைக்குச் சாலை போட முடியாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இனி இன்றைக்கு வருவோம். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ பேருந்தில் ஏறினால் ஜமுனாமரத்தூரில் போய் இறங்கலாம். ஊர் இப்போது தாலுகாத் தலைநகர். மலைக்கு இதுதான் பட்டணம். பேருந்து நிற்குமிடம், கடைத்தெரு, ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரத்துக்குள். மூட்டு வலிக்காரரும் சின்னக் குழந்தையும் சிரமமில்லாமல் போகக்கூடிய வழி இது: கடைத்தெருவில் தொடங்கி, கோமுட்டேரியில் படகு விடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, தெம்பிருந்தால் பீமன் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகலாம். நீர்வீழ்ச்சிக்கு மழைக்குப் பிறகு போனால்தான் பயன். கோடையில் பாறைதான் இருக்கும். கோடை விழா நேரத்தில் கூட்டம் நெரியும். மற்ற நாளில் காலை நேரம் சுகம்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பார்கள். தார்ச்சாலையின் ஒரு பாதியில் சாமைக் கதிர் பரப்பியிருக்கும். லாரியும் பேருந்தும் அதன்மேல் ஏறிப்போகும். ஒவ்வொரு வண்டி போனதும் பெண்கள் வந்து தாளைப் புரட்டிவிடுவார்கள். நாலைந்து வண்டி ஏறியதும் தாளை உதறி ஒதுக்கிவிட்டு, அடியில் உதிர்ந்த மணியைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளிக் காற்றுக்கு முகம் கொடுத்துத் தூற்றுவார்கள். உமி சாலையோரத்துப் புதரெல்லாம் வெள்ளையாகப் படியும். முன்பு சாணம் மெழுகிய களத்தில் மாடு கட்டி மிதித்த வேலை இது. “ஓரமாப் போங்க சாமி, கதிரு காயுது” என்று ஒரு பாட்டி சொன்னார். நடக்கிறவருக்கு விட்ட இடத்தில் நான் போய்க்கொண்டிருந்தேன். “மாடு கட்டலையா பாட்டி?” என்றேன். “மாடு ஏது? பஸ்ஸுதான் எங்க மாடு” என்றார். தூற்றுவதை நிறுத்தவில்லை.

சாமையைக் குத்தி அரிசியாக்குவது பெண்களின் முதுகை உடைத்த வேலை. உமி மணியோடு ஒட்டிக்கிடக்கும். உரலில் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். இன்று மலையிலேயே அரைவை எந்திரம் வந்துவிட்டது. சாமை அரிசியும் தேனும் புளியும் பையில் கட்டிப் பெயர் ஒட்டி விற்கப்படுகின்றன. கீழே சர்க்கரை நோய்க்குப் பயந்து சிறுதானியம் தேடுகிறவர்கள் வாங்குகிறார்கள். ரேஷன் அரிசி வந்தபின் மலையில் சாமைச் சோறு குறைந்துபோனது, கீழே கூடியது. விதைத்தவர் வீட்டில் இல்லாத பண்டம் விலைக்குப் போவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் சாமைக்கு விலை என்று ஒன்று கிடைப்பது அந்தப் பாட்டிக்கு நல்லதுதான்.

சான்றிதழுக்கான நடை இன்னும் மிச்சம் இருக்கிறது. பழங்குடிச் சாதிச்சான்று தாசில்தார் கையெழுத்தில் கிடைப்பதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும், அவர் அலுவலகம் மலைக்குக் கீழே. பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அப்பன் மலையிறங்க வேண்டும். அப்படி இறங்கி ஏறித்தான் படிக்க வைத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, இருபத்துமூன்று வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. தமிழ்நாட்டின் மலையாளிப் பழங்குடியிலிருந்து வந்த பெண். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள், காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியிருக்கிறார். ஊரே மேளம் வைத்து வரவேற்றது. கார் போகிற சாலை இருந்ததால் அந்தப் பரீட்சை நடந்தது. பச்சை உடம்போடு டோலியில் இறங்கித் தேர்வு எழுத முடியுமா?

சாலை இல்லாத பக்கத்தில் என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை. வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறது. ஆனால் அது இருக்கிற ஆஸ்பத்திரி கீழே இருந்தது. மலையை விட்டு இறங்குவதற்குள் நேரம் போய்விட்டது. குழந்தை பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், மண்பாதை தொடங்கிய இடத்தோடு நின்றுவிட்டது. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக் கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பதறிப்போனோம். அதன் பிறகுதான் வனத்துறை அனுமதிக்கும் நிதிக்கும் கோப்புகள் வேகமாக நகர்ந்தன.

பாம்பு கிடக்கும் குழியைப் பற்றிச் சங்கப் புலவர் எச்சரித்த மலைநாடு இது. அன்று எச்சரிக்கத்தான் முடியும். விஷமுறிவு மருந்து கிடையாது. 2008-லிருந்து 108 வண்டி ஓடுகிற தமிழ்நாட்டில் 2023-ல் அந்த எச்சரிக்கையோடு மட்டும் நாம் நின்றிருக்கக் கூடாது.

காப்புக்காடு, அதனால் சாலை போட முடியாது என்று பல ஆண்டுகளாகச் சொன்னார்கள். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் 3(2) பிரிவின்படி, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டும் வரம்போடு எடுக்கலாம். இதற்குக் கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். டெல்லிவரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதில் வழக்குகளால் நெடுநாள் தாமதம் ஏற்பட்டது. அந்தத் தடை 2016-ல் நீங்கியது. அதற்கும் அல்லேரிக் குழந்தைக்கும் நடுவே ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடத்துக்குக் காட்டைக் காரணம் காட்ட முடியாது. அசட்டைதான் காரணம்.

காட்டின்மேல் எனக்கும் அக்கறை உண்டு. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலைக்காட்டுத் தண்ணீர்தான். கீழே போளூரும் ஆரணியும் குடிப்பது அதைத்தான். அகலமான சாலை, ரிசார்ட், மதுக்கடை என்று மலை இன்னொரு ஏற்காடு ஆவதை நான் விரும்பவில்லை. ஓர் ஆம்புலன்ஸும் ஒரு சிற்றுந்தும் போகிற அகலம் போதும். மழைநீர் போகக் குழாய் பதித்து, ஓடைக்குத் தரைப்பாலம் கட்டி, வளைவில் தடுப்பு வைத்தால் போதும். தடுப்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் புலியூரிலிருந்து சேம்பரை மலைக்கோயிலுக்குச் சரக்கு வேனில் ஏறிப்போன மலைமக்கள் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள்; பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். மலையில் பேருந்து போகாத தடத்தில் ஆட்கள் சரக்கு வண்டியில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். சாலை போட்டுவிட்டுப் பேருந்து விடாமல் இருந்தால் பாதி வேலைதான் முடிந்ததாக அர்த்தம்.

இப்படியாக ஜவ்வாது மலையில் இன்று இரண்டு விதமான நடை நடக்கிறது. ஜமுனாமரத்தூரில் என்னைப் போன்றவர்கள் ஆசைக்கு நடக்கிறோம். சாலை எட்டாத குக்கிராமங்களில், அன்று போலவே, வேறு வழியில்லாமல் நடக்கிறார்கள். முதல் நடைக்கு ஏரிக்கரையில் அழகாகக் கல் பதித்துத் தருகிறார்கள். இரண்டாவது நடைக்கு மண்பாதையே மிச்சம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். சுற்றுலாவுக்கு ஒதுக்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்னால், எந்த ஊரில் கடைசியாக டோலி கட்டினார்கள் என்று கேட்டு, அந்த ஊருக்கு முதலில் சாலை போக வேண்டும்.

நீங்கள் ஜவ்வாது மலைக்குப் போகலாம், போக வேண்டும். காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். பயணிகள் ஏறினால்தான் அந்தத் தடம் நிற்கும், அதில் மலைக்காரர்களும் போவார்கள். ஜமுனாமரத்தூரில் இறங்கி நடங்கள். சாமைக் கதிர்மேல் மிதிக்காமல் ஓரமாகப் போங்கள். பிளாஸ்டிக்கை நீர்வீழ்ச்சியில் போடாதீர்கள். புளியும் தேனும் சாமையும் வாங்கினால் கூட்டுறவிலோ உழவர் சங்கத்திலோ வாங்குங்கள்; சாலையோரத்தில் ஒரு பாட்டி விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். திரும்பி வந்தபின், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி ஜவ்வாது மலையில் இதுவரை எத்தனை கிராம சபைகள் சாலை கேட்டிருக்கின்றன, எத்தனைக்குச் சாலை வந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.